கெடிஷா ஏன் மெதுவாக ஓடுகிறாள்

ஜனவரி 12, சனி

கடையில் கோழிக்கால் சூப் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அதில் சந்தோஷப்பட மனம் இல்லை. என் மகள் கெடிஷா இன்று ஓட்டத்தில் நான்காவதாக வந்தாள்.

போன மார்ச்சில் கிங்ஸ்டன் வரை போய், சாம்ப்ஸ் என்கிற பள்ளிகளுக்கான ஓட்டப் போட்டியில் ஜமைக்கா முழுவதும் பார்க்க இரண்டாவதாக வந்தவள். இன்று நம்ம ஊர் மைதானத்தில், நம்ம ஊர்ப் பெண்களிடம் தோற்கிறாள். வளைவு வரை நன்றாகத்தான் ஓடினாள். முடிவுக் கோடு தெரிந்ததும் அடுப்பைத் தணித்த மாதிரி அடங்கிவிட்டாள். கால் வலியா என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லம்மா” என்றாள்.

ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கனடாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போகிறேன் என்று கிளம்பிய அன்று அவள் அப்பனும் அதைத்தான் சொன்னான். போனவன் போனவன்தான்.

ஜனவரி 15, செவ்வாய்

அவள் பை, காலணி, தலையணை உறை எல்லாம் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜனவரி 19, சனி

கடையை டெல்ரோஸிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். (டெல்ரோஸ் என்னோடு மீன் பொரிப்பவள். நான் திரும்பும்போது நல்ல மீனெல்லாம் அவள் சொந்தக்காரர்களுக்குப் போயிருக்கும். அது வேறு கதை.)

அவள் பள்ளியின் கோச் பென்னன்ட் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார். ஓடி முடித்த பிள்ளைகள் நேரம் என்ன என்று கேட்டால் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். எதற்கு மறைக்க வேண்டும்? அவருடைய தங்கை மகளும் அதே இருநூறு மீட்டர்தான் ஓடுகிறாள். கெடிஷாவை மெதுவாக்கினால் யாருக்கு லாபம் என்று பெரிய படிப்புப் படித்துத்தான் தெரிய வேண்டுமா?

இன்னொன்று. ஓட்டம் முடிந்ததும் ஒரு பாட்டில் கொடுக்கிறார். உள்ளே சிவப்பாக என்னவோ.

ஜனவரி 20, ஞாயிறு

அவள் பையில் மிச்சமிருந்த சிவப்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். பீட்ரூட், இஞ்சி. தேவாலயத்தில் பாதிரியார் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கம் வந்தது, ஆனால் அது எல்லா ஞாயிறும் வருவதுதான்.

ஜனவரி 26, சனி

மிஸ்டர் டுஹேனி கடைக்கு வந்தார். கிங்ஸ்டனில் ஒரு பெரிய பள்ளியின் ஆள். பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க மலைமேல் ஒவ்வொரு ஊராக வருவார். கிறிஸ்துமஸுக்கு முன் நமக்கு ஃபிரிட்ஜ் அனுப்பியதும் இவர்தான். இரண்டு கதவு வைத்தது. பழைய மாணவர்களின் அன்பளிப்பு, பிள்ளை குளிர்ந்த பால் குடிக்கட்டும் என்றார். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன முட்டாளா? அது வந்த பிறகுதான் மீன் நாறாமல் இருக்கிறது, சின்னப் பிளாஸ்டிக் பையில் அடைத்த பை ஜூஸ் பாதி உறைந்து விற்கிறது. ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன்.

“பொண்ணு?” என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மனிதர். கோச்சைப் பற்றி என் சந்தேகத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு மீன் சாப்பிட்டார்.

ஜனவரி 31, வியாழன்

டெல்ரோஸ் இன்று மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: “பதிமூணு வயசு, நோவி. திடீர்னு ஒரு பொண்ணு மெதுவாயிட்டான்னா நான் காலைப் பாக்க மாட்டேன். வயித்தைத்தான் பாப்பேன்.”

கையைக் கழுவிவிட்டு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தேன்.

பிப்ரவரி 1, வெள்ளி

கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. உள்ளே போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. நர்ஸம்மா சோதித்துவிட்டு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, இனிமேல் முதலில் பிள்ளையைக் கேள் என்று சொல்லி அனுப்பினாள்.

வரும் வழியெல்லாம் கெடிஷா டாக்ஸி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள். ஏன் இப்படிச் செய்தேன்? பயந்துதான் செய்தேன். பயம் என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லையே.

பிப்ரவரி 5, செவ்வாய்

இன்னும் பேசவில்லை. தட்டைக் கழுவி வைக்கிறாள், போகிறாள்.

பிப்ரவரி 9, சனி

ஆறாவது. இன்று ஆறாவது.

பொறுக்க முடியவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மைதானத்துக்குள் நடந்தேன். கோச் பென்னன்ட் முன்னால் நின்று, தங்கை மகளுக்காக என் பிள்ளையைக் கெடுக்கிறீர்களா என்று எல்லார் காதிலும் விழக் கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ என்னை ஓரமாகக் கூட்டிப்போய், மெதுவாகக் கேட்டார்:

“நீங்கதானே அப்படி ஓடச் சொன்னீங்க, மிஸ் நோவ்லெட்?”

நானா?

நல்ல ஓட்டக்காரியைக் கையில் பிடித்துவிட்ட பள்ளிகள், மற்றவர் கண் படாமலிருக்க அவளை மெதுவாக ஓடச்சொல்லி ஒளித்துவைப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வித்தை. டுஹேனியும் நானும் பேசிவைத்து அதைத்தான் செய்கிறோம் என்று கோச் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கடிகாரத்தைப் பார்த்து டுஹேனிக்குச் சொல்லிவிடுவேன் என்று மறைத்திருக்கிறார். நான் வேலிக்குப் பின்னால் நின்று அவரை வேவு பார்த்தேன். அவர் மைதானத்தில் நின்று என்னை.

“உங்க வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தப்புறம்தான் அவ மெதுவானா. நான் வேற என்ன நெனைக்கிறது?” என்றார்.

தங்கை மகள் இன்று ஏழாவது. அதையும் அவரே சொன்னார்.

பிப்ரவரி 10, ஞாயிறு

சோறும் பயறும் அடுப்பில். கெடிஷா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் கிளினிக்குக்காக மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லை, வாய் கோணியது. பிறகு கேட்டேன்: வேண்டுமென்றேதான் மெதுவாக ஓடுகிறாயா?

துருவுவதை நிறுத்தவில்லை. ஆமாம் என்றாள்.

“ஃபிரிட்ஜ் வாங்கிட்டியேம்மா. அப்ப என்னை அவங்க ஸ்கூலுக்குக் குடுத்துட்டன்னுதானே அர்த்தம். மெதுவா ஓடுனா இந்தப் பொண்ணு வேஸ்ட்டுன்னு அவங்களே வந்து அதை எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன்.”

போன வருஷம் மேல்தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு இப்படித்தான் ஓர் அன்பளிப்பு வந்ததாம். செப்டம்பரில் கிங்ஸ்டன் விடுதி. அவள் கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை.

அங்கே போனால் பெரிய ஆளாகலாமே என்று பேச்சுக்குச் சொன்னேன். நான்கு பேர் ஓடும் ரிலேயில் மூன்றாவது ஆள் தான்தான், வளைவு தன்னுடையது, மற்ற மூன்று பேரை விட்டுவிட்டு யாருக்காக ஓடுவது என்று கேட்டாள். கடைக்கு வருகிறவர்களிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

என் பிள்ளையின் காலை யார் விற்கிறார்கள் என்று ஊரெல்லாம் தேடினேனே. இதை எழுதும்போது அந்த ஃபிரிட்ஜ் சமையலறையில் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அய்யோ, நான் ஒரு மக்கு.

பிப்ரவரி 13, புதன்

ஃபிரிட்ஜை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி டுஹேனிக்குப் போன் செய்தேன். அன்பளிப்பைத் திரும்ப வாங்குவதில்லை என்கிறார். அன்பளிப்பு என்றால் இவ்வளவு குரல் எதற்கு ஏறுகிறது?

பிப்ரவரி 16, சனி

வேன் பிடித்து ஃபிரிட்ஜை ஏற்றி அனுப்பிவிட்டேன், அவர் பள்ளி வாசலில் இறக்கிவிடச் சொல்லி. கீழ்ப்பக்கத்தைக் கெடிஷா பிடித்தாள். இவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. டெல்ரோஸ் வாசலில் நின்று எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவுக்கே சொன்னாள். எனக்கும் வயிறு எரிந்தது. இல்லையென்று எழுதினால் பொய்.

பிப்ரவரி 20, புதன்

மீன் கெட்டுப்போனது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

மார்ச் 2, சனி

மண்டலப் போட்டி. கூட்டத்தில் டுஹேனி நின்றார், கழுத்தில் கடிகாரம். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. கோச் பென்னன்ட் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவரை முழுதாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நீட்டிய வேர்க்கடலையை வாங்கிக்கொண்டேன்.

ரிலே. மூன்றாவது ஆளிடம் கட்டை வந்ததும் கெடிஷா வளைவில் பாய்ந்தாள். முன்னால் போன இருவரையும் தாண்டிக்கொண்டு போனாள். வளைவு முடிகிற இடத்தில் எங்கள் நான்காவது பெண் கையைப் பின்னால் நீட்டாமல் தயங்க, இவள் “கை!” என்று ஒரு கத்துக் கத்தினாள். மைதானமே திரும்பியது. அது யார் குரல் என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. என் வீட்டில் அப்படி ஒரு குரல் இருந்ததா? நான் அழுதுகொண்டிருந்ததால் கோட்டை யார் முதலில் தொட்டார்கள் என்று பார்க்கவில்லை. நாங்கள்தான் என்று கோச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து என்னிடம் காட்டினார்.

டுஹேனியும் பார்த்தார். மறுபடி வருவார், எனக்குத் தெரியும். வரட்டும். இந்தத் தடவை அவளே பேசிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் பை ஜூஸ் கேட்டாள். ஃபிரிட்ஜ்தான் இல்லையே, வெயிலில் கிடந்து சூடாகியிருந்தது. பல்லால் முனையைக் கடித்து, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு மீதியையும் குடித்தாள்.

எதற்குச் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.