காலியாக நின்ற ஒன்பதாவது வரி

என் அன்புள்ள ஏனுங்க,

கடிதத்திலும் உங்களை இப்படித்தான் கூப்பிட வருகிறது. பதினேழு வருடக் குடித்தனத்தில் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் மேசையை மட்டும் இன்னும் ஒதுங்க வைக்கவில்லை.

போன வாரம் உங்கள் துறையில் வேலை பார்க்கும் லலிதா மேடம் துடியலூருக்கு வீடு தேடி வந்தார். கல்லூரியில் உங்கள் அலமாரியில் இருந்த கடைசிக் கட்டுரையைக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் கையெழுத்துப் பிரதி. "நீங்க டைப் அடிச்சுக் குடுத்தாத்தானுங்க அனுப்ப முடியும். சாரோட கையெழுத்து வேற யாருக்குங்க புரியுது?" என்றார்.

கிணத்துக்கடவில் கல்யாணத்துக்கு முன்னால் பொழுதுபோகாமல் கற்ற டைப்ரைட்டிங், உங்கள் ஆராய்ச்சிக்குத்தான் உதவியது. அடித்ததில் பாதி எனக்கு விளங்கியதில்லை. ஒரு தடவை கேட்டேன். "பல ஊர்ல இருக்கற கம்ப்யூட்டருங்க சேர்ந்து ஒரு வேலை செய்யுது அம்மணி. ஒண்ணு கிட்ட இருந்து பதில் வரலீன்னா, அது நின்னுபோச்சா, இல்ல மெதுவா இருக்குதான்னு மத்ததுக்கு எப்படித் தெரியும்? அதான் என்ர ரோதனை" என்றீர்கள்.

அத்தனையும் அடித்த நான் உங்கள் பேரை மட்டும் அடித்ததில்லை. கட்டினவர் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு விரலும் வாயும் ஒன்றுதான். பேர் வரும் இடத்தை விட்டுவைப்பேன், நீங்கள் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவீர்கள். "ஆராய்ச்சி பூரா உன்ர கை, பேரு மட்டும் என்ர கையா?" என்று கேலி வேறு.

அந்த மாநாட்டுக் கட்டுரை ஞாபகம் இருக்கிறதா? நாம் அனுப்பும் தாளை அப்படியே படம் பிடித்துப் புத்தகமாகப் போடுவார்கள் என்றீர்கள். கூரியருக்கு நேரமாகிவிட்டது. முதல் பக்கத்தில் பேரைத் தட்டிவிட்டு ஓடினீர்கள். கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் ஒன்பதாவது, உங்களுடைய முதல் கட்டுரை. பேரில் தொடங்குவதால் முழு வரியையும் உங்களுக்கே விட்டிருந்தேன். நீங்கள் புரட்டிப் பார்க்கவில்லை, நானும் சொல்ல மறந்துவிட்டேன்.

புத்தகம் வந்தது. ஒன்பது என்ற எண், அதன் பக்கத்தில் வெறும் வெள்ளை. "போச்சாது போ அம்மணி, வேணுங்கறவங்க தேடிக்குவாங்க" என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன்.

யாரும் தேடவில்லை என்பது லலிதா மேடம் சொல்லித்தான் தெரியும். முதல் கட்டுரை வந்தது நம் ஊர்ச் சின்ன மாநாட்டில். அந்த வரி இல்லாமல் அப்படி ஒன்று இருப்பதே வெளியில் தெரியவில்லை. பின்னால் வெளிநாட்டில் இரண்டு பேர், அதில் நீங்கள் கண்டதையே தாங்களாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. இன்றைக்கு உலகமே அவர்களைத்தான் மேற்கோள் காட்டுகிறதாம். பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில், உங்கள் கண்டுபிடிப்பை யார் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். நீங்கள் வீட்டுக்கு வந்து, "இந்தத் தடவை இல்லீன்னுட்டாங்க" என்று மட்டும் சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

"அவசரத்துல நாந்தான் அந்த வரியை உட்டுப்போட்டேன்னு சார் எல்லார்கிட்டயும் சொல்லுவாருங்க" என்றார் மேடம்.

என்னை ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை? திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேனே. இப்போது யாரிடம் போய் அழுவது?

"உட்டது அவரில்லீங்க, நானுங்க" என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் தாள்களை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான்கு நாள் கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டரில் அடித்தேன். இந்தக் கட்டுரையிலும் உங்கள் முதல் கட்டுரை பட்டியலில் இருக்கிறது, மூன்றாவதாக. அங்கே வந்ததும் வழக்கம்போல் கை தானாக இடம் விட்டு அடுத்த வரிக்குப் போனது. அப்புறம்தான் உறைத்தது, அதை நிரப்ப இனி ஆள் வராது என்று. திரும்பி வந்தேன். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். முதல் பக்கத்திலும் அடித்தேன். சரிபார்க்கிற சாக்கில் ஒரு தடவை வாய்விட்டும் படித்தேன். நல்ல பேருங்க உங்களுக்கு.

நேற்றுத் தபாலில் சேர்த்தாயிற்று. இனி உங்கள் முதல் கட்டுரையை யார் எங்கிருந்து கேட்டு எழுதினாலும் நானே நகலெடுத்து அனுப்புவேன். அலமாரியில் மிச்சமிருக்கும் தாள்களையும் அடித்து முடிப்பேன். உங்கள் பேர் இருக்க வேண்டிய எந்த இடமும் இனிமேல் என்னால் காலியாக நிற்காது.

இப்படிக்கு,
பொன்னுச்சாமியின் மனைவி
சரோஜா