வரட்டோ என்று கேட்டவருக்கு

என் அன்பான இவருக்கு,

இஞ்சருங்கோ. முப்பத்தாறு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன், இனிப் புதிதாகப் பெயர் சொல்ல வாய் வராது. சுகமா என்று கேட்கவும் முடியாது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக் கதைத்தால் நீங்கள் டிவி ரிமோட்டைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

வருகிற மாதம் உங்கள் ஆட்டைத் திவசம். நீங்கள் போய் ஒரு வருடம் ஓடப்போகிறது. மொன்ட்ரியலில் இந்தத் தை மாதமும் மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர்தான். நான் இன்னும் கர்க்லாண்டில் மகள் வாணி வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறேன். மூத்த பேரன் என்னோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறான், நான் தமிழில் திருப்பிக் கொடுக்கிறேன், இருவருக்கும் நன்றாக விளங்குகிறது. சின்னவள் வீடெல்லாம் ஓடித் திரிகிறாள். அவளை நீங்கள் போனில் மட்டும்தான் பார்த்தீர்கள்.

இந்தக் கடிதத்தை இங்கே மாதாமாதம் வருகிற தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். வீட்டுக் கதையை வீதிக்குக் கொண்டுவருகிறாள் என்று நாலு பேர் சொல்லுவார்கள். சொல்லட்டும். அந்த நாலு பேருக்குப் பயந்து நான் செய்த வேலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருக்காது. டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தேழு வருடம் பெட்டி ஏற்றியவர் நீங்கள். மாரியில் மற்றவர்கள் கரீபியன் தீவுகளுக்கு வெயில் காயப் போவார்கள், நீங்கள் பனிக்குள் நின்று அவர்களின் பெட்டிகளை விமானத்தில் அடுக்குவீர்கள். திரும்பி வருகிற பெட்டிகளில் மணல் ஒட்டியிருக்கும் என்று வந்து சொல்லுவீர்கள். பென்ஷன் எடுத்ததும் அங்கேயே போய் இருப்பதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டீர்கள். விடுமுறைக்கு அல்ல, குடியிருக்க. எத்தனை வருடம் சாப்பாட்டு மேசையில் அந்தத் தீவுக் கதை! நான் சென்ட் லோரன்ட்டில் மருந்துத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று குளிசைப் பெட்டி அடைத்துவிட்டு வந்து இடியப்பம் பிழிவேன். நீங்கள் கதிரையில் இருந்து, அங்கே இன்றைக்கு எத்தனை பாகை வெயில் என்று போனைப் பார்த்து வாசிப்பீர்கள். அந்தத் தீவின் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. தீவு என்றே எழுதுகிறேன்.

நானும் வருவதாகத்தான் இருந்தது. வாணிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கார்டெரியில், அதுதான் இங்கத்தைய பிள்ளைகள் காப்பகத்தில், இடம் கிடைக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போய் வீட்டை ஒழுங்குபடுத்துங்கள் என்றேன். நீங்களும் ஓம் என்றீர்கள்.

பிறகு அந்தப் பிரியாவிடை. வாடகைக்கு ஹோல் எடுத்து, தெரிந்த அத்தனை பேருக்கும் சொல்லி, கேக்கில் தென்னைமரம் போட்டு, உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, கல்யாண வீடு தோற்றது போங்கள். ஆனி மாத வெயிலில் உங்கள் பெரிய விண்டர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினீர்கள். அதைக் கழற்றி, கூட வேலை செய்த ஒருவரின் தோளில் போட்டு, இனி இது எனக்குத் தேவையில்லை என்றீர்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அகதியாக வந்து, பெட்டி தூக்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, கடைசியில் வெள்ளைக்காரர் மாதிரி ஓய்வுக்குத் தீவில் போய் இருக்கப்போகிற முதல் ஆள் எங்கள் சனத்தில் நீங்கள்தான் என்று மைக்கில் பேசினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் இரண்டு மாதமும் போனில் உங்கள் குரலே வேறு. ஈரப்பலா தெருவில் விழுந்து கிடக்கிறது, மீன் துள்ளத் துள்ள வாங்கலாம், முதுகு வலி போன இடம் தெரியவில்லை என்றீர்கள். பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அங்குள்ள சனம் உங்களை, இந்திய வழிச் சனம் நிறைய இருக்கிற கயானாவில் இருந்து வந்தவரோ என்று கேட்டதாம். யாழ்ப்பாணம், இலங்கை, கனடா என்று எல்லாவற்றையும் விளக்கி அலுத்துப்போய், கடைசியில் ஓம், கயானாதான் என்று சொல்லத் தொடங்கிவிட்டீர்களாம்.

கனடாவில் இருந்து வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் வியாழக்கிழமைகளில் கடற்கரை உணவகம் ஒன்றில் கூடுவார்கள். நானும் கனடாக்காரன்தானே என்று நீங்களும் வடிவாக உடுத்திக்கொண்டு போனீர்கள். அங்கே ஒரு வயதான அம்மா வெறும் கிளாசை உங்கள் கையில் தந்து, இன்னொன்று கொண்டுவரச் சொன்னாளாம். இதை எனக்குச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னீர்கள். கொண்டுபோய்க் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்ததாகச் சொன்னீர்கள், பாவம் கிழவி என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அங்கே போகவில்லை.

ஒரு நாள் சொன்னீர்கள்: “எல்லாம் ஊர் மாதிரித்தான் இருக்கு பரமேஸ். கதைக்கத்தான் ஆளில்லை.”

போகப் போகப் பழகிவிடும் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மார்கழியில் சின்னவளுக்குக் கார்டெரியில் இடம் கிடைத்துவிட்டது. அதை உங்களுக்கு நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு அந்தத் தீவு வேண்டாம், ஒருபோதும் வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை ஊரை விட்டு ஓடி வந்தவளுக்கு இன்னொருமுறை பெட்டி கட்டத் தெம்பில்லை. அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் பேத்தியைச் சாட்டிக்கொண்டு இருந்தேன்.

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் எடுத்தீர்கள். நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். குளிர் எப்படி, முழங்கால் எப்படி என்று வழக்கமான விசாரிப்பு. பிறகு கேட்டீர்கள்:

“இஞ்சரப்பா, எனக்கொரு விண்டர் ஜாக்கெட் பாத்து வைக்கிறியே?”

“அங்க உங்களுக்கு என்னத்துக்கு ஜாக்கெட்?”

“இல்லை, நான் அங்க வரட்டோ? வந்து நிக்கிறன். பேந்து ரெண்டு பேருமா இருந்து யோசிப்பம்.”

அடுப்பை நிறுத்தினேன். அடுத்து நான் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

“எட்டு மாசம்கூட ஆகேல்லை. ஹோல் எடுத்து அனுப்பின சனத்தின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? ஒரு வருசமெண்டாலும் இருந்திட்டு வாங்கோ.”

நீங்கள் சண்டை பிடித்திருக்கலாம். கறியில் உப்புக் கூடினாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர், அன்றைக்கு மட்டும் ஏன் பேசாமல் இருந்தீர்கள்? “ஓம், அதுவும் சரிதான்” என்றுவிட்டுப் பேரப்பிள்ளைகளை விசாரித்துப் போனை வைத்தீர்கள்.

பதினேழு நாள். அதற்குள் நீங்கள் அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீங்கள் பாண் வாங்குகிற கடைக்காரப் பெண்தான் இரண்டு நாளாக ஆளைக் காணவில்லையே என்று வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். கதிரையில் இருந்தபடியே போயிருந்தீர்கள். இதயம் என்றார் டாக்டர்.

தீவில் தகனம் செய்ய இடமில்லை. உங்களைக் கனடாவுக்கு அனுப்புகிற கடதாசிகள் முடிய வாரக்கணக்காகும், அதுவரை வைத்திருக்கவும் அங்கே வசதியில்லை என்றார்கள். மகன் குகன் மூன்று விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தான். நான் போகவில்லை. முழங்கால் ஏலாது என்று எல்லோருக்கும் சொன்னேன். முழங்கால் ஏலும். உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் ஏலாமல் இருந்தது.

அங்கத்தைய போதகர் ஒருவர் மனமிரங்கித் தங்கள் தேவாலயச் சேமக்காலையில் புதைக்க இடம் தந்தார். கிரியை செய்ய ஐயர் ஒருவரும் அங்கே இல்லாததால் அவரே பைபிளில் ஒரு பகுதியை வாசித்தார், குகன் போனில் தேவாரத்தைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் இங்கே வாணி வீட்டு சோபாவில் இருந்து வாட்ஸ்அப்பில் பார்த்தோம். மண் போடத் தொடங்கும்போது லைன் அறுந்துவிட்டது. மகன் பக்கத்தில் நின்றும் உங்களுக்குக் கொள்ளி இல்லை.

முப்பத்தோராம் நாள், எங்கள் வழக்கப்படி, உங்கள் படமும் வாழ்க்கை வரலாறும் போட்டுக் கல்வெட்டுப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுத்தோம். “நெடுநாள் ஆசைப்பட்ட தீவிலேயே, ஆசைப்பட்டபடி கண்ணை மூடினார்” என்று வாணி எழுதியிருந்தாள். அச்சுக்குப் போகமுன் என்னிடம்தான் தந்தாள். வாசித்துவிட்டு, சரி பிள்ளை, போடு என்றேன். வந்த சனம் என் கையைப் பிடித்து, ஆசைப்பட்ட இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், கொடுத்துவைத்தவர் என்றது. நான் தலையாட்டினேன். எத்தனை பேருக்குத் தலையாட்டினேன் என்று தெரியுமா?

மூன்று ஞாயிறுக்கு முன் குகன் இங்கே சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடிய, போனில் ஒரு படம் காட்டினான். கறுப்புக் கல்லில் உங்கள் பெயர், தமிழிலும் இங்கிலீஷிலும்.

“அம்மா, ஒரு வருசம் முடிஞ்சா மேல சீமெந்தால கட்டலாமாம். கட்டினாப் பிறகு திறக்க விடமாட்டினம். அப்பா ஆசைப்பட்ட இடம்தானே, வடிவாக் கட்டிவிடுவம்.”

இன்னொரு தலையாட்டல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பிள்ளைகள் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள், தனியாகப் போன அப்பாவை நினைத்து உங்கள் பிடிவாதத்தைத்தான் குறை சொல்லுகிறார்கள். அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் அங்கே கிடக்க விரும்பவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தானே தெரியும்? நான் வாயைத் திறக்காவிட்டால் சீமெந்து விழுந்துவிடும்.

“கட்டாதை தம்பி. அப்பா இஞ்ச வரக் கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டனான்.”

எப்போது கேட்டார் என்றான். சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தார் என்றான். பதினேழு என்றேன். ஏன் தடுத்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை, நானே சொன்னேன், சனம் என்ன சொல்லும் என்று பயந்தேன் என்று. வாணி பாத்திரம் கழுவின இடத்தில் குழாயை மூடாமல் நின்றாள். குகன் எழுந்து போய்ச் சப்பாத்துக்குள் காலை விட்டு, லேஸ்கூடக் கட்டாமல் பனிக்குள் இறங்கிப் போய்விட்டான்.

பத்து நாள் ஒரு கதையும் இல்லை. பிறகு போனில் ஒரு செய்தி வந்தது. “கட்டிற வேலையை நிப்பாட்டச் சொல்லியிருக்கு. தோண்டி எடுக்கிற கடதாசியில கையெழுத்து வேணும். சனிக்கிழமை வாறன்.” அம்மா என்ற சொல் அதில் இல்லை. அது இல்லாமல் அவன் எனக்கு ஒரு நாளும் எழுதியதில்லை.

வந்தான். நின்றபடியே ஒவ்வொரு தாளாகக் காட்டினான், நான் கையெழுத்து வைத்தேன். தேத்தண்ணி வேண்டாம் என்றான். நானும் அங்கே வருவேன் என்றேன். உங்கட விருப்பம் என்றுவிட்டுப் போனான். வாணி என்னோடு கதைக்கிறாள், சாப்பாட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் மட்டும். இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தருவது அவள்தான். பாதியில் எழுந்து போனவள், முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி இருக்கிறாள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஒரு சண்டையும் பிடிக்காமல் தந்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

பயணத்துக்கு நாள் குறித்தாயிற்று. குழியைத் திறக்கும்போது குடும்பத்து ஆட்கள் கிட்ட நிற்காமல் இருப்பது நல்லது என்று அங்கே சொன்னார்களாம். நான் நிற்பேன். நீங்கள் தனியாக இருந்த வீட்டையும் போய்ப் பார்ப்பேன். பாண் கடைக்காரப் பெண்ணைத் தேடிப் போய், இவர் என்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தார் என்று கேட்பேன். அது நல்லதாக இருந்துவிட்டால் எப்படித் தாங்குவேன்?

உங்களை இங்கே கொண்டுவந்து, குகன் கையால் கொள்ளி வைப்பிப்பேன். அதன் பிறகு அவன் என்னை அம்மா என்று கூப்பிடுவானோ தெரியாது. கூப்பிடாவிட்டாலும் செய்வேன். இனி எவராவது என் கையைப் பிடித்து, கொடுத்துவைத்த மனுசன் என்று தொடங்கினால், அவர் வீட்டுக்கு வரக் கேட்டவர், நான் விடவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லுவேன். நான் இருக்கும்வரைக்கும், ஒருவர் விடாமல் சொல்லுவேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
பரமேஸ்