அப்பாவின் பின் பிறேக்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன் பிறெடிக்கு,

அந்தோனியார் காவலில் நானும் அப்பாவும் எலும்பு முறியாமல் இருக்கிறோம், நீயும் மருமகள் லவினாவும் அந்தக் குளிருக்குள் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று செபமாலையில் நினைக்காத நாளில்லை. எலும்பைப் பற்றி ஏன் எழுதினேன் என்று பயந்துவிடாதே, கடைசி வரைக்கும் வாசி. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனைக் கையில் எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்று என் கதையைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார், அதனால்தான் மெல்பேர்ணுக்கு வருகிற றோஸியின் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். கருவாடு வைக்கவில்லை, போன முறை எயார்போட்டில் பறித்துக்கொண்டு அவளுக்கு ஏச்சும் விழுந்ததாம், மிளகாய்த்தூளாவது வந்து சேருகிறதா பார்ப்போம்.

சங்கதி என்னவென்றால், நீ விட்டுப்போன மோட்டார் சைக்கிளின் பின் பிறேக் பேட் தேய்ந்துவிட்டது. கராஜில் கொடுத்து மாற்றுங்கள் என்று சொன்னேன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதருக்குப் பிறேக்கைப் பற்றி எவரும் படிப்பிக்கத் தேவையில்லையாம். பழைய பேடைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹியூபேட்டின் த்ரீவீலரில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குப் போனார். ஹியூபேட் நீ போன பிறகு எதிர்வீட்டுக்கு வந்தவன், தங்கமான பிள்ளை, வாய்தான் கொஞ்சம் கூட, கடையில் நடந்ததெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைக்காரர் பஸீர் இரண்டு விதமான பேட் எடுத்து வைத்தாராம், ஒன்று மெதுவானது, சத்தம் போடாது, ஆனால் கெதியில் தேயும், சீக்கிரம் மாற்ற வேண்டும், மற்றது உலோகத்தூள் கூடக் கலந்த கடும் சாமான். உங்கட ஓட்டத்துக்கு மெதுவானது போதும் அங்கிள், மற்றது பறக்கிற பொடியன்மாருக்கு, டிஸ்க்கையும் தின்னும் என்று அந்த மனிதர் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறார். பொடியன்மார் என்ற சொல் காதில் விழுந்ததும் உன் அப்பா கடும் சாமானைக் கையில் எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, நான் செத்தாலும் இந்தப் பேட் தேயாது புளோறன்ஸ் என்று பெருமை வேறு, இந்த பைக்கில ஏறினா நான்தான் முதல்ல போவன் என்றேன், என் வாயில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு தொடங்கியது பார், ஜம்பட்டா வீதி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற கிறீச்சு, கோயில் வாசலில் இவர் பிறேக் பிடித்தால் உள்ளே பாட்டுக்குழுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், ஃபாதரும் ஒருநாள், கிளெமென்ற் அங்கிள் வந்திட்டார் போல, இனித் தொடங்குவம் என்று சொல்லிவிட்டார். நான் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன். இவரோ, நல்ல பேட் எண்டா சத்தம் போடும் என்கிறார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சரிவு. முகத்துவாரத்தில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போகும்போது, விடிய எழும்பி நான் அடித்த லவ் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருக்கிறேன், இறக்கத்தில் இவர் மிதிக்கிறார், சத்தம் வருகிறது, பைக் நிற்கவில்லை. முன் பிறேக்கைப் பிடியுங்கோ என்று கத்தினேன், பிடிச்சாக் குத்துக்கரணம் என்று அவரும் திருப்பிக் கத்தினார், இந்த வாக்குவாதம் முடிவதற்குள் தெருவோரத்துத் தம்பிலி இளநீர்க் குவியலுக்குள் போய் நின்றோம். பெரிய அடி ஒன்றுமில்லை, அவருக்கு முழங்கை உரசல், எனக்குச் சேலைக்கரை கிழிந்தது, தம்பிலி எல்லாம் உருண்டு வாய்க்காலுக்குள் போய்விட்டது, நான் மட்டும் கேக் பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இருந்தேனாம். தம்பிலிக்காரன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெக்கக் கப்பன்னத அங்கிள், அதாவது இரண்டு வெட்டட்டுமா என்று கேட்டான். குடித்தோம், வேறென்ன செய்ய.

அன்றோடு அந்த பைக்கில் ஏறுவதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டேன். பூசைக்கு நான் ஹியூபேட்டின் த்ரீவீலரில், அப்பா பைக்கில் தனியாக, கோயிலுக்குள்ளே அவர் ஆண்கள் பக்கத்துக் கடைசி வாங்குப் பலகையில். இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை, சோற்றைப் போட்டு மேசையில் வைப்பேன், கறி நல்லது என்று பூனைக்குச் சொல்லுவார். வெளியே சிரித்தாலும் மனதுக்குள் எனக்குச் சரியான பயம் மகன், அவர் தனியாகப் போய் வரும் வரைக்கும் யன்னலோடுதான் நிற்பேன், அந்தப் பாழாய்ப்போன கிறீச்சுச் சத்தம் தெருமுனையில் கேட்டால்தான் மூச்சு வரும்.

இப்படியே விடக்கூடாது என்று, அவர் குளிக்கிற நேரம் ஹியூபேட்டைக் கொண்டு பேடைக் கழற்றுவித்து நானே பஸீரின் கடைக்குப் போனேன். பஸீர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இது சூடாகி இறுகிப் போச்சு அன்ரி, இனிப் பிடிக்காது, பிறேக்கில காலை வச்சபடியே ஓட்டினா இப்படித்தான் என்றார். எனக்கு வந்த கோபம்! திரும்பி வரும்போது, ஒரு கிரேன் ஓட்டின மனிசன், பெடலில இருந்து காலை எடுக்கத் தெரியாதா என்று ஹியூபேட்டிடம் கொட்டித் தீர்த்தேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்ரி, ஞாயிறில நான் உங்களுக்குப் பின்னாலதானே வாறனான், அங்கிள் தனியப் போகேக்குள்ள பின்னால பிறேக் லைட் எரியிறதே இல்ல, பறப்பார், நீங்க ஏறினாத்தான், வாசல்ல பத்தின பிறேக் லைட் கோயில் வரைக்கும் அணையாது என்றான்.

அந்தப் பளபளத்த பழைய பேடைக் கைலேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மெதுவான பேடைத்தான் வாங்கி வந்திருந்தேன். மேசையில் வைத்தேன், புரட்டிப் பார்த்து, இது கெதியாத் தேயுமே என்றார். தேயட்டும், இன்னொண்டு வாங்குவம் என்றேன், அதுதான் எங்கள் சமாதானம். முன் பிறேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழகினால்தான் ஏறுவேன் என்று சொன்னதில், ஹியூபேட்டோடு வெறும் காணிக்குள் போய் முழுப் பின்னேரமும் பழகிவிட்டு வந்தார், குத்துக்கரணம் ஒன்றும் போடவில்லை. இன்றைக்குக் காலையில் அவருக்குப் பின்னால் ஏறிப் பூசைக்குப் போனேன், ஒரு சத்தமில்லை, பாட்டுக்குழுப் பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். வழியில் மெல்லச் சாய்ந்து அவருடைய காலைப் பார்த்தேன், பெடலில்தான் இருந்தது. எடுங்கோ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேட் இறுகுகிறதா என்று அடிக்கடி கழற்றுவித்துப் பார்ப்பது இனி என் பொறுப்பு.

ஆண்டவர் உன்னையும் லவினாவையும் எந்த இறக்கத்திலும் கைவிடாமல் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, அவளோடு கோபித்துக்கொண்டு வேலைக்குப் போகாதே. போனில் கதைக்கும்போது பேட் எப்படியென்று அப்பாவிடம் கேள், தானே தெரிந்து வாங்கியதாகத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், நல்ல தெரிவு அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

ஆசீரும் முத்தமும்,
உன் அம்மா
புளோறன்ஸ்