ராஜா மாதிரி வளர்த்த கதை

சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம்
பிப்ரவரி 4, புதன்

அன்பு மகள் ஏஞ்சலுக்கு, அம்மா வசந்தி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உங்கப்பாவும் தம்பி பிரசாத் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், உங்கப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. அங்கே நீயும் மாப்பிள்ளை பிரபுவும் என் பேத்தி எவ்லினும் அந்தக் குளிரில் சுகம்தானா என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் கேட்டால் போகிறது, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை நீ எடுத்தால்தானே. கிறிஸ்துமஸிலிருந்து இன்றைக்கு ஆறு வாரம் ஆகிறது, நான் அனுப்புகிற மெசேஜுக்கெல்லாம் நீல டிக் வருகிறது, பதில் வரவில்லை. பார்க்கிறாள் இல்ல, அந்த மட்டும் சந்தோஷப்படு என்று உங்கப்பா சமாதானம் சொல்கிறார். உன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அடையாறு பெண் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அயர்லாந்து கிளம்புகிறாளாம், அவளிடம் நண்டு மசாலாத் தூளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். மசாலாவை எடுத்துக்கொண்டு கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதே, முழுக்கப் படி.

கிறிஸ்துமஸ் அன்று நான் பேசியதில் ஓர் எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை. வீடு கொள்ளாத கூட்டம், உன் அத்தை குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லார் கையிலும் கேக் தட்டு. பிரசாத் வீடியோ கால் போட்டுப் போனை டிவி முன்னால் சாய்த்து வைத்தான். நீ வந்தாய், மடியில் எவ்லின். பிள்ளையின் தலை காக்கைக் கூடு, கன்னத்தில் தக்காளி சாஸ், பண்டிகை நாளும் அதுவுமாக ராத்திரி போட்ட பைஜாமா. என் வாய்தான் சும்மா இருக்காதே. "இன்னாடி, புள்ளைய இப்டி வெச்சிக்கினு கீற? ரோட்ல கண்டெடுத்த மாதிரி கீது. நான் மீன் கூடைய தலைல தூக்கிக்கினே ரெண்டு புள்ளைங்கள ராஜா மாதிரி வளர்த்தேன். உனக்கு கொழாய தொறந்தா சுடுதண்ணி, ஒரு சீப்பு கெடைக்கல?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டேன். அதோடு விட்டேனா. பிரசாத் ஒன்றாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் சுத்தமான பிள்ளை என்று பரிசு வாங்கினானே, மீன் விற்கிற வீட்டுப் பிள்ளை என்று சொல்லவே முடியாது என்று சிஸ்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கை கொடுத்தாரே, அந்தப் பழைய பாட்டையும் எடுத்துப் பாடினேன். "நைட் டூட்டி முடிச்சி இப்பதாம்மா உள்ள வரேன்" என்று மட்டும் நீ சொன்னாய், படம் போய்விட்டது. நெட் கட்டாகிவிட்டது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். கட்டானது நெட் இல்லை என்று எனக்குத் தெரியும். மே மாதம் வருவதற்கு நீ இன்னும் டிக்கெட் போடவில்லை, போடுவாயா என்றும் தெரியவில்லை என்று பிரசாத் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆண்டவர் எனக்கு ஒரு வேலை வைத்தார். பிரசாத் மாமியார் கோவளத்தில் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மருமகள் ஜெசி பன்னிரண்டு நாள் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. பிரசாத் தரமணி ஆபீஸ் பஸ் ஓட்ட விடிவதற்குள் போய்விடுவான். ஆக ஷெரினையும் நிவினையும் எழுப்பி, குளிப்பாட்டி, யூனிபார்ம் போட்டு, எட்டு மணி ஆட்டோவில் ஏற்றுவது என் பொறுப்பு. ஷெரினுக்கு ஆறு வயது, நிவினுக்கு நாலு. "நீ கவலைப்படாம போ, இதுங்க ரெண்டும் எனக்கு ஜுஜுபி" என்று ஜெசியை அனுப்பி வைத்தேன். முதல் நாளே நிவின் சோப்பு போட்ட உடம்போடு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். விலாங்கைக்கூட வெறுங்கையால் பிடித்தவள் நான், இவனைப் பிடிக்க முடியவில்லை. உங்கப்பா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் குனிந்து இழுத்தோம். துடைத்துப் பவுடர் போட்டு அரைக்கால் சட்டையை மாட்டினால் இரண்டு காலும் ஒரே குழாயில் போயிருக்கிறது. பவுடர் வேறு கொஞ்சம் தூக்கலாகப் போய், ரவையில் புரட்டிய வஞ்சிரத் துண்டு மாதிரி நின்றான், எண்ணெயில் போட வேண்டியதுதான் பாக்கி. ஷெரினுக்கு ரெட்டை ஜடை பின்னினேன், ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. மத்தியானம் டீச்சர் வகுப்பு குரூப்பில் போட்டோ போட்டார். அத்தனை பிள்ளைகளும் பளிச்சென்று நிற்க, நம்மவன் மட்டும் பட்டனை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் அக்காவின் பூப்போட்ட சாக்ஸோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஜெசி அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிற பொம்மை ஒன்றுதான் அனுப்பினாள், நல்ல பெண். உங்கப்பாதான் அன்றிலிருந்து தினமும் "ராஜா கெளம்பிட்டாரா?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் ஆறு மணிக்கே கிளப்பி வாசலில் உட்கார வைத்தேன், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு டீ குடித்தேன். ஏழே முக்காலுக்குப் பார்த்தால், கரையில் எவனோ கழற்றிப் போட்டிருந்த போட் இன்ஜினுக்குள் கையை விட்டு, கிரீஸைக் கன்னம் வரைக்கும் இழுவிக்கொண்டு வருகிறான், கேட்டால் மெக்கானிக்காம். ஆட்டோ ஹாரன் அடிக்க, நான் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்க, அவன் அலற, நான் அழாத குறை. நகம் வெட்ட உட்கார வைத்தால் விரலுக்கு ஒரு மிட்டாய் கேட்டான், கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஷெரின் தலையைச் சொறிந்துகொண்டே வந்தாள். நம் வீட்டில் பேன் வருமா, வாய்ப்பே இல்லை, பக்கத்தில் உட்காருகிற பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்கும் என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் எனக்கும் அரித்தது. ஐம்பத்தெட்டு வயசில் பேன் சீப்பும் வெள்ளைத் துணியுமாக வெயிலில் நான் உட்கார்ந்தேன், ஆறு வயசுப் பிள்ளை எனக்குப் பேன் எடுத்தது. "ஆயா, உனக்கு வெள்ள முடியா, பேன் நல்லா தெரியுது" என்று பாராட்டு வேறு.

இனி வருவதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை பிரசாத் வீட்டில் இருந்தான். பூசைக்கு நேரமாகிறது, நான் நிவினின் உச்சி மயிரைப் பிடித்துக்கொண்டு வாருகிறேன், அவன் தலையை ஆட்டுகிறான், சீப்பு காதில் இடிக்கிறது. பிரசாத் என் கையிலிருந்து சீப்பை வாங்கினான். "மா, உச்சிய புடிச்சா எவன் நிப்பான்? தாடைய புடிக்கணும். அக்கா அப்டித்தான் புடிக்கும்" என்றான். இடது கையால் பையனின் தாடையைப் பிடித்தான், சீப்பைத் தண்ணீரில் நனைத்து நேராக ஒரு வகிடு எடுத்தான், நெற்றியில் மெல்ல ஊதினான். பையன் ஆடாமல் நின்றான். எந்த அக்கா என்று கேட்டேன். "எந்த அக்காவா? எனக்கு இன்னா பத்து அக்காவா கீது?" என்றான். நான்தானே ராத்திரியே உங்களைக் குளிப்பாட்டிவிடுவேன், காலையில் நீங்களாகக் கிளம்பிவிடுவீர்கள் என்றேன். அவன் சிரித்தான். "நீ ராத்திரி குளிப்பாட்டுவ. நான் காலைல பாயிலயே ஒண்ணுக்கு போய்ட்டு எழுந்துப்பேன்" என்றான்.

நான் அந்த நேரம் காசிமேட்டில் மீன் ஏலத்தில் நின்றிருப்பேன், உங்கப்பா கடலில். உனக்கு எட்டு வயசு, அவனுக்கு ஐந்து. நீ அடிபம்பில் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து அவனைத் திரும்பக் குளிப்பாட்டுவாயாம். மீன் வாடை போக, ஜூஸ் கடைக்காரர் போடும் எலுமிச்சைத் தோலைச் சேர்த்து வைத்து அவன் கையைத் தேய்த்துவிடுவாயாம். இஸ்திரிக்கு வழியில்லை என்று அவன் சட்டையை மடித்து உன் பாய்க்கு அடியில் வைத்து, அதன் மேல் புரளாமல் படுத்திருப்பாயாம். அவனைத் தயார் செய்து நிறுத்துவதற்குள் பள்ளி மணி அடித்துவிடுமாம். "அக்காக்கு தல பின்ன டைமே இருக்காது. ரிப்பன பல்லுல கடிச்சிக்கினு, என் கைய புடிச்சி இஸ்துக்கினு ஓடும்" என்றான். ஏன்டா இத்தனை வருஷமாக ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்காதான் சொல்லாதன்னுச்சு. அம்மா மேடைல எவ்ளோ சந்தோஷமா சிரிச்சிச்சு, வுடுடான்னுச்சு" என்றான்.

அப்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது ஏஞ்சல். அதே வருஷம் உன் மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, தம்பி பளிச்சென்று வருகிறான், அக்கா பிசாசு மாதிரி தலையை விரித்துக்கொண்டு வருகிறாள் என்று புகார் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து உன்னைச் சீப்பாலேயே அடித்தேன். உன் தம்பியைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு அது மறந்திருந்தால் மறந்ததாகவே இருக்கட்டும், எனக்கு இனி மறக்காது. இதெல்லாம் கேட்ட அந்த ஞாயிறு சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று எனக்குத் தெரியாது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பூசை முழுக்க அழுதேன். பேன் கடிக்கிறது என்று நினைத்து ஷெரின் என் தலையைச் சொறிந்துவிட்டாள். தப்பு செய்துவிட்டேன் மகளே. அன்றைக்கு அடித்ததும் தப்பு, கிறிஸ்துமஸ் அன்று பேசியதும் தப்பு. என்னை மன்னித்துக்கொள்.

நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். போன ஞாயிறு, ஜெசி வந்துவிட்ட சந்தோஷத்தில் சங்கரா மீன் குழம்பு வைத்து, அன்றைக்குக் கேக் தின்ற அத்தனை பேரையும் கூப்பிட்டேன். இலையைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிள்ளைகளை ராஜா மாதிரி வளர்த்தது நான் இல்லை, ஏஞ்சல்தான் என்று. அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்த உன் அத்தை, "அப்ப இத்தினி வருசமா பொண்ணு எடுத்த மார்க்க நீ வாங்கிக்கினு கீறியா அண்ணி?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, கொழம்ப ஊத்து, ஆறுது" என்றாள்.  உங்கப்பாவுக்கும் அதுவரை தெரியாதாம்.

இனி உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, ஆனால் வாய் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தக் குளிரில் எவ்லினைத் தினமும் தலைக்குக் குளிப்பாட்டாதே, வெந்நீரில் துணியை நனைத்து முகம், கழுத்து, காது மடல் துடைத்துவிட்டால் போதும். குளிப்பாட்டுகிற அன்று ஈரம் காய்வதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவு, தோல் வெடிக்காது. சட்டையை அவளே போட்டுக்கொள்ளட்டும், பட்டன் ஒன்று தள்ளிப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, இது நிவின் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சீப்பை மாப்பிள்ளை கையிலும் கொடு, தாடையைப் பிடித்து வாரச் சொல்லு. நைட் டூட்டி முடித்து வந்தால் முதலில் போய்த் தூங்கு, கன்னத்தில் சாஸ் காய்ந்தால் காயட்டும். எட்டு வயசிலேயே ஒரு பிள்ளையை வளர்த்துக் காட்டியவள் நீ, உனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அழுக்குக் கன்னமோ சுத்தக் கன்னமோ, எவ்லினுக்கு இரண்டிலும் ஆயாவின் முத்தம். மாப்பிள்ளையை அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். மே மாதத்துக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. ஏர்போர்ட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வா, தலை வாராமல் அப்படியே வா. நான் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பேன், நீ எனக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும், உனக்குத்தான் முதலில் பின்னிவிடுவேன், மற்ற பிள்ளைகள் எல்லாம் காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
வே. வசந்தி