கீரிப்பிள்ளை விழுந்த பாலம்

செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. மைக் செட்டும் வாடகை நாற்காலிகளும் அறைக்குள் அடுக்கிக் கிடக்கின்றன. பக்கத்தில் நானும் கிடக்கிறேன். வல்லத்திராக்கோட்டையைச் சுற்றி என் குழாய் ஸ்பீக்கர் பாடாத கல்யாணம் உண்டா? எனக்குத்தான் ஒன்று நடக்கவில்லை. பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். (வரிசை என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் தரகர்.)

இன்று பெங்களூரிலிருந்து கூரியர். அக்கா மகள் மோகனப்ரியா அனுப்பியது. இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற வீடியோ கேம் மிஷின். அந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. போனில் சொன்னாள்: "ஆடித் தேர்ந்தவங்க நெறய பேர் பாத்துட்டாங்க மாமா. ஒரு நாளும் ஆடாத ஆளு வேணும். எங்க விழுகுறீங்க, எது புடிக்குது, எது எரிச்சலா இருக்கு, அத மட்டும் தெனம் சொல்லுங்க. நானே சாயங்காலம் கூப்புடுறேன்."

தினமும்! பெங்களூர் முழுக்க என் கருத்துக்குக் காத்திருக்கிறது என்று சேவுகன் டீக்கடையில் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மஞ்சள் சட்டை போட்ட ஒரு கீரிப்பிள்ளை. அது ஓடும், தாவும், சுவரில் ஏறும். நம் இரண்டு கட்டைவிரலுக்குத்தான் வேலை. மூன்றாவது கட்டத்தில் ஒரு மரப்பாலம் வருகிறது. கால் வைத்த பலகையெல்லாம் பின்னாலேயே கழன்று விழுகிறது. நின்றால் போச்சு.

போச்சு. திரும்பத் திரும்பப் போச்சு.

கொல்லிமலை வளைவில் பிரேக் பிடிக்காத லாரியை ஒற்றைக் கையால் இறக்கியவன் நான். (மற்ற மூன்று கை? இரண்டு டிரைவருடையது. நான் கிளீனர். பயத்தில் ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தேன்.) இந்தக் கீரியை இறக்க முடியவில்லையே!

செப்டம்பர் 21, ஞாயிறு

சொன்னபடி கூப்பிட்டாள். மூன்று நாளாக ஆறு மணிக்கே போனைச் சார்ஜில் போட்டு, முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். போனில் சட்டை தெரியுமா என்ன?

"இன்னைக்கு எங்க மாமா விழுந்தீங்க?"

"விழுகுறதா? நானா? பாலமெல்லாம் தூங்கிக்கிட்டே தாண்டிட்டேன்த்தா."

"பாலத்தையா? எங்க ஆபீஸ்லயே பாதிப் பேர் அதுல விழுவாங்க!"

அவள் குரலில் இருந்த ஆச்சரியம் இருக்கிறதே, அது போதும் எனக்கு. தாய்மாமன் மருமகளிடம் போய் விழுந்தேன் என்பதா? காது குத்துக்கு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அழுதவள் அவள், கலங்காதவன் நான். அப்படித்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சும்மா நிறுத்திவைத்தால் அந்தக் கீரி உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது. அப்புறம் கழுத்தைத் திருப்பி நம்மையே பார்க்கிறது. இன்று ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"முழுசாவா மாமா? கடைசில என்ன வந்துச்சு?"

"பாம்பு. பனைமர ஒசரம். வாலப் புடிச்சு ஒரு சுத்து சுத்தி அங்கிட்டு எறிஞ்சேன் பாரு!"

"பாம்பா?" என்றாள். "சரிங்க மாமா, அப்ப வேல முடிஞ்சுது. ரொம்ப தேங்க்ஸ்," என்று வைத்துவிட்டாள்.

கீரி விளையாட்டில் கடைசியில் பாம்பு வராமல் வேறு என்ன வரும்?

செப்டம்பர் 28, ஞாயிறு

போன் இல்லை. வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை, நேற்றும் இல்லை. முடித்தவனை எதற்குக் கூப்பிடுவாள்? நானே போட்ட பூட்டு.

சேவுகன் கேட்டான்: "என்னண்ணே, பெங்களூர்லேர்ந்து பிளேன் அனுப்பலயா?"

"அனுப்புறேன்னாங்க. இங்க எறக்க எடமில்லன்னுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பாலம். விழுந்தேன். சொல்ல ஆளில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆம்ப்ளிபயர், மைக்குகள், ஒயர் கட்டு, ஸ்குரூடிரைவர் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன். இந்த மிஷினும் பிழைப்புக்கு ஆகிற சாமான்தானே? பெங்களூர்ப் பிழைப்பு. திரையில் ஒன்று, பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, நல்ல தண்ணிச் சந்தனமாகக் குழைத்து வைத்தேன். பார்க்கக் கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தது. பூஜையில் வைத்ததை நாளைக்குத்தான் தொட வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

ஐயோ. தாவுகிற பொத்தான் அமுங்க மாட்டேன் என்கிறது. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. கீரி பள்ளம் வந்தாலும் நேராக நடந்துபோய் விழுகிறது. கம்பெனி சாமானாச்சே. அவள் பேர் கெட்டுப்போகுமே. எலி கடித்தது என்று சொல்லலாமா? கூரியர்க்காரன் கீழே போட்டான் என்று? என்னத்தச் சொல்றது இப்ப, ஆத்தாடி...

அக்டோபர் 3, வெள்ளி

கூப்பிட்டேன். எலி என்று ஆரம்பித்தேன். "எலியா?" என்றாள். அவ்வளவுதான், பாதியிலேயே சந்தனத்துக்கு வந்துவிட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "மாமா! பொத்தானுக்கெல்லாமா பொட்டு வச்சீங்க?" பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொன்னாள். மைக் துடைக்கிற ஸ்பிரிட் நம்மிடம் இருக்கிறதே. பொத்தான் அமுங்கியது.

"இப்ப ஆடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பாலத்தில் விழுந்தேன். அவளுக்குச் சத்தம் கேட்டிருக்கும். "இங்கதான்த்தா விழுகுறேன்," என்றேன். "மொத நாள்லேர்ந்து."

"தெரியும் மாமா. கடைசில பாம்பே கெடையாது."

"அப்பறம் ஏன்த்தா கேக்கல?"

"ஒங்களுக்குப் புடிக்கலயோன்னு நெனச்சேன். தொல்ல பண்றோமோன்னு விட்டுட்டேன்."

தொல்லையாமே!

பிறகு உள்ளதைச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். நல்லது: விழுந்தால் திட்டாது, காக்க வைக்காது, உடனே எடுத்து நிறுத்திவிடும். ஓட்டம் சேர்ந்தால் பாட்டும் வேகமெடுக்கிறது, அப்போது புத்திக்கு முன்னால் விரல் தாவுகிறது. கெட்டது: திரை உள்ளங்கை அளவு, ஓட்டமோ லாரி ஓட்டம். பள்ளம் கண்ணில் படும்போது கால் பள்ளத்தில் இருக்கிறது. ரோட்டில் தூரத்திலேயே வளைவு தெரிந்தால்தானே டிரைவர் பிரேக்கில் கால் வைப்பான்? பலகையும் பழுப்பு, பின்னால் மலையும் பழுப்பு. வெயிலில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று, அந்த மலையில் அருவி, கொக்கு எல்லாம் வரைந்திருக்கிறார்கள். நின்று பார்க்க விட்டால் என்ன?

"தூரத்துலேர்ந்தே தெரியணும்," என்று அவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள். "இத யாருமே இப்படிச் சொல்லல மாமா."

நானாகச் சேர்த்தது ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதும் சேர்க்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மிஷினைக் கூரியரில் திருப்பி அனுப்பியாயிற்று. வேறு ஊரில் வேறு ஆள் ஆட வேண்டுமாம். பாலத்துக்கு முன்னால் கேமராவைப் பின்னுக்கு இழுத்துத் தூரம் காட்டப்போகிறார்களாம். சேவுகன் கடையில் அந்தப் பாலத்துக்கு என் பேர் வைக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அது கிடக்கட்டும்.

வேலைதான் முடிந்ததே, இனி எதற்கு என்று இன்று சட்டை மாட்டவில்லை. பனியனோடு இருந்தேன். போன் அடித்தது.

"சாப்ட்டீங்களா மாமா?"

கோழிக்குழம்பு என்று நாக்கு நுனி வரை வந்தது. "பழைய சோறும் நார்த்தங்காயும்த்தா," என்றேன்.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமாத்தா."