மந்திரியின் பதினெட்டு நகங்கள்

மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு சனம் ரோட்டோரம் வரிசையில் கிடந்த வருடம் அது, டெய்லர் நானா. இலக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. கோதுமை மா கிடைக்காமல் ரொட்டி சிறுத்துப் போனதும், எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரம் விழுந்து கோயில் தகரத்தைப் பிளந்ததும், நீங்கள் நோர்வூட் பஸாரில் மாடியில் இருந்த தையல் கடையை மூட்டுவலியால் கீழே இறக்கியதும் அந்த வருடம்தான். அந்த வருடத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று இன்று காலையிலிருந்து என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

காரணம் எங்கள் வீட்டில் தங்கிவிட்ட உங்கள் சோக்குக் கட்டி. துணியில் கோடு போடுவீர்களே, அந்த வெள்ளைக் கட்டி. தேய்ந்து தேய்ந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. இன்று அதால் கோடு போட்டுத்தான் மந்திரிக்கு நகம் வெட்டினேன். நானே, தனியாக! பதினெட்டும்! ஒரு சொட்டு ரத்தம் இல்லை, நானா! உங்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். வாசலில் ஒரு காலைச் செருப்பில் வைத்த பிறகுதான், யாரிடம் போய்ச் சொல்வது என்று நின்றேன். அதனால் நான் சொல்லச் சொல்ல, லீவுக்கு வந்த மகள் எழுதுகிறாள்.

மந்திரி எங்கள் வீட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். சீனி வருத்தத்தில் காலில் ஒரு விரலை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வீட்டுக்காரி, கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேயிலை மலையில் கொழுந்து எடுத்தபோது அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரிப் பேசியவள். கேட்டால் உம் என்பாள், இல்லையென்றால் அதுவும் இல்லை. ஹட்டனிலிருந்து மகள் ஒரு கறுப்பு முயல்குட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டாள். ஒரு வாரம் கழித்துக் கட்டிலிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. "திங்கிறது, தூங்குறது, ஓட்டுக் கேக்க மட்டும் மூஞ்சியக் காட்டுறது. நீ மந்திரிதான்டா." எனக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை அன்று.

அந்த மந்திரிதான் அவள் முழங்காலுக்குக் கீழே கீறி வைத்தது. சின்னக் கீறல். ஆனால் சீனிக் காலில் சின்னது என்று ஒன்று இல்லை. அது பழுத்துப் போய், டிஸ்பென்சரியில் மருந்து கட்டிய நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு கீறல் விழுந்தால் காலையே எடுக்க வேண்டி வரும், முயலை வீட்டை விட்டு அனுப்புங்கள். பக்கத்து வீட்டு மாணிக்கம் உடனே கையை நீட்டினான். "நான் வளக்குறேன்ணே." மாணிக்கம் வளர்த்த சேவல் ஒன்றுகூடத் தீபாவளியைத் தாண்டியதில்லை. அவள் முயலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு பழையபடி சுவரைப் பார்க்கத் திரும்பினாள். நான் பயந்துபோய், "இன்னும் ஒரு கீறல் விழுந்தா நீயே எடுத்துக்க" என்று மாணிக்கத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டு உங்கள் கடைக்கு ஓடி வந்தேன்.

நீங்கள் கழுத்தில் அளவு நாடாவோடு மெஷினுக்குப் பின்னால் இருந்தீர்கள். "என்ன தொரை, பெரட்டுக் களைஞ்சிட்டா?" என்றீர்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டை நானே நடத்துகிறவன் போல. கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுகிற கூலிக்காரனைத் துரை என்று கூப்பிட ஒருவர் இருந்தார் எனக்கு. விஷயத்தைச் சொல்லி, உங்கள் பெரிய கத்தரியைக் கேட்டேன். எழுந்தே நின்றுவிட்டீர்கள்.

"இந்தக் கத்தரி துணியத் தவிர ஒண்ணையும் தொட்டதில்ல. கடதாசி வெட்டக் கேட்டாக்கூட என்ட மகனுக்குக் குடுக்கமாட்டேன். முயலுட நகத்துக்கா?"

"அப்ப கவ்வாத்துக் கத்தியிலயே சீவிடவா நானா?"

"சீவினா காலோட சேத்துச் சீவுவீங்க. இரிங்க, நான் வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். மனுசர் நகம் வெட்டுகிற நகவெட்டி, சோக்குக் கட்டி, ஒரு துண்டு காக்கி ட்ரில் துணி. நான் டவலை எடுத்து வைத்திருந்தேன். "டவல்ல நூல் வளையம் வளையமா இரிக்கி, நகம் மாட்டிப் பிஞ்சிடும்" என்று தூக்கிப் போட்டீர்கள். மாணிக்கமும் வந்து உட்கார்ந்தான், வெறும் உரப்பையை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றான்.

மந்திரியைப் பிடிக்கவே பெரும்பாடு. "காதப் புடிச்சுத் தூக்குணே" என்றான் மாணிக்கம். கட்டிலிலிருந்து வெடித்தாள் அவள். "ஒன் காதப் புடிச்சுத் தூக்கட்டுமா? நெஞ்சுல ஒரு கை, பின்னங்காலுக்கு அடியில ஒரு கை. ஒதறுச்சுன்னா இடுப்பு போயிரும்." அத்தனை மாதத்தில் எங்களைப் பார்த்து அவள் போட்ட முதல் சத்தம் அது. நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள்.

ட்ரில் துணியில் சுற்றி, தலையையும் ஒரு முன்னங்காலையும் மட்டும் வெளியே விட்டு என் மடியில் வைத்தோம். மல்லாத்தக் கூடாது, பயத்திலேயே செத்துவிடும் என்று ஹட்டனில் மிருக டாக்டரைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். நகத்துக்குள் ரத்த நரம்பு ஓடுகிறது, அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்றும் கேட்டு வந்திருந்தீர்கள். கேட்டது எல்லாம் சரி. கறுப்பு நகத்தில் நரம்பு எங்கே தெரியும்? "நகந்தானே" என்று முதல் நகத்தை டக்கென்று வெட்டினீர்கள். ரத்தம்!

முயல் அவ்வளவு பதறவில்லை, நானா. நீங்கள்தான் வெளுத்துப் போய்ச் சுவரில் சாய்ந்தீர்கள். "யா அல்லாஹ், தொரை, ரத்தம், ரத்தம்!" மாணிக்கத்தின் கை பைக்குப் போனது. "கோதும மாவ வச்சு அமுக்குங்க!" என்றாள் அவள். அந்த வருடம் கோதுமை மா என்றால் தங்கம். டின்னின் அடியில் கிடந்ததைச் சுரண்டி எடுத்து நகத்தில் வைத்து அமுக்கிப் பிடித்தேன். எல்லாரும் அந்த ஒரு விரலையே பார்த்தோம். நின்றது!

"அளவெடுக்காம வெட்டினா இப்பிடித்தான் நானா" என்றேன். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெட்டுகிறவர் என்று பெயர் எடுத்தவரை ஒரு முயல் விரலில் வைத்து மடக்கியாயிற்று. ஆனால் அதற்குப் பிறகுதான் நீங்கள் டெய்லர் ஆனீர்கள். கைப்பேசி டார்ச்சை நகத்துக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னீர்கள். வெளிச்சத்தில், கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக ஒரு நிழல். அது முடிகிற இடத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, சோக்கால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும் வெளியே சின்னச் சின்னதாக நறுக்கல். "அவசரப்படாதீங்க, தையலுக்குத் துணி விடணும்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டினீர்கள். நாலு கால், காலுக்கு நாலு. முடிந்தது! மாணிக்கம் பையை இன்னும் சின்னதாக மடித்தான்.

மந்திரியைத் தூக்கி அவள் மடியில் விட்டோம். அது முன்னங்காலை எடுத்து அவள் கைமேல் வைத்து ஏறியது. "ஸ்ஸ்" என்றாள்.

மணிக்கட்டில் ஒரு கோடு. மாணிக்கம் எழுந்துவிட்டான். "அண்ணே, வாக்கு."

"ரத்தம் வரல. கோடு, கீறல் இல்ல" என்றாள் அவள், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"மைனி, கோடும் கீறலும் ஒண்ணுதான்."

எல்லாம் வெட்டியாயிற்றே, பிறகு எது கீறுகிறது? அப்போது நீங்கள் உங்கள் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முயலைத் தூக்கும்போது அதில் ஒரு நூல் இழுபட்டிருந்தது. "இரிங்க மாணிக்கம்" என்றீர்கள். மூக்கில் படுகிற மாதிரி அந்த நூலைப் பார்த்தீர்கள். "இது பாதத்துட முன்பக்கத்தால இழுத்த நூல் இல்ல. உள்பக்கத்தால இழுத்திருக்கு. அங்க ஒண்ணு ஒளிஞ்சி இரிக்கி."

முன்னங்காலைத் திருப்பி, உள்பக்கத்து மயிரை ஊதி விலக்கினீர்கள். இருந்தது, நானா! பாதத்துக்கு மேலே, தனியாக, ரோசா முள் மாதிரி. முன்னங்காலுக்குக் கட்டை விரல்! இந்தக் காலில் ஒன்று, அந்தக் காலில் ஒன்று. நிலத்தில் தேயாத நகம், அதனால் அதுதான் எல்லாவற்றையும்விட நீளம். அவள் காலைக் கிழித்த கள்ளன் அதுதான். "தொரை, டார்ச்!" என்று கத்தினீர்கள். நிழல், கோடு, நறுக். நிழல், கோடு, நறுக். மந்திரி மறுபடி அவள் மடியில் ஏறியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தோள் வரைக்கும். அவள் கையை நீட்டி எல்லாருக்கும் காட்டினாள். ஒன்றுமே இல்லை! சிரித்தாள், நானா. அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி.

மாணிக்கம் உரப்பையோடு போய், மாலையில் அதே பை நிறையக் கரட் இலை கொண்டுவந்தான். அதன்பிறகு அவனும் கட்சி மாறிவிட்டான்.

கால் புண் ஆறியது. மாதம் திரும்பினால் நீங்கள் சோக்குக் கட்டியோடு பஸ்ஸில் இறங்குவீர்கள். வெட்டி முடித்துத் தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே சேட்டை. எத்தனை வருடமாக அவள் சட்டைத் துணியை உங்களிடம் தைக்கக் கொடுத்திருப்பேன். கடையில், யார் பெயரைத் துணியில் எழுதட்டும் என்பீர்கள். வீட்டுக்காரிக்கு என்பேன், பெயர் சொல்ல மாட்டேன். அதையே இங்கேயும் பிடித்துக்கொள்வீர்கள். "கட்டின பொஞ்சாதிட பேர ஒருக்காச் சொல்லுங்க தொரை, கேட்டுட்டுப் போறேன்." நான் வெட்கப்பட்டுக்கொண்டு முயலைத் தடவுவேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பெருநாள் துணிகள் பாதியில் கிடக்க நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். மந்திரியின் நகம் வளர்ந்துகொண்டே வந்தது. என் கை நடுங்குகிறது என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். நேற்று அவள் புறங்கையில் ஒரு கோடு பார்த்தேன். இன்று விடிந்ததும் துணியைச் சுற்றினேன். டார்ச்சை அவள் பிடித்தாள். கோடு போட்டதும் கை நடுங்கவில்லை, நானா. கோட்டைப் பார்த்து வெட்டுகிற கைக்கு நடுங்க நேரமில்லை. முதலில் அந்த இரண்டு கட்டை விரல் நகத்தைத்தான் வெட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்தவர்களில் நீங்கள் இல்லை. மாணிக்கமும் போன மழையோடு போய்ச் சேர்ந்துவிட்டான். சொல்கிறவன் நான், என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு காலோடும் கட்டிலில் உட்கார்ந்து, மந்திரியை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதையெல்லாம் கேட்டு, "அப்பிடி இல்ல, இப்பிடி" என்று திருத்திக்கொண்டிருக்கிற ஒருத்தி மட்டும் மிச்சம். அவள் பேரைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இந்தாருங்கள்.

பூங்காவனம்.