அப்பா முதுகில் ஒட்டிய ஆரோ

ஆம்பூர்,
புதன்கிழமை.

என் செல்லம் சோபனாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம், பின்கட்டுக் குழாய்கூட இப்போது சுகம், அது ஏன் என்று போகப்போகத் தெரியும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிடும்போது எனக்கு அடுப்பில் பால், நான் கூப்பிடும்போது உனக்கு ட்யூட்டி. தவிர இத்தனை நாளும் ஸ்பீக்கரில் போடச்சொல்லி உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டே அவர் கதையை எப்படிப் பேசுவது. இனிமேல் பேசலாம், உங்கப்பா வேலைக்குப் போய்விட்டார்.

வெளிநாட்டு ஆர்டர் நின்று, ஷூ கம்பெனியில் அவர் லைனையே மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது வரைக்கும் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் சூப்பர்வைசராக இருந்தவருக்கு மேய்க்க ஆள் இல்லை, என்னை மேய்க்க ஆரம்பித்தார். ஷூவில் எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே தரம் பார்க்கிற க்யூசிக்காரர்கள் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, ஆரோ என்பார்களே, அதில் ஒரு கட்டு அவர் சாப்பாட்டுப் பையோடு வீடு வந்து சேர்ந்திருந்தது. முதலில் ஒழுகுகிற குழாய்க்கு ஒரு ஆரோ. சரி, நல்லதுதானே என்று விட்டேன். அடுத்து கதவுத் தாழ்ப்பாள், காலண்டர் ஆணி, என் ரவிக்கையின் கைத்தையல். தோசையில் ஓட்டை விழுந்தால் தட்டின் விளிம்பில் ஆரோவை ஒட்டிவிட்டு, இது ரிஜெக்‌ஷனா ரீவொர்க்கா என்று என்னையே கேட்பார். ரிஜெக்‌ஷன் என்றால் தூக்கிப் போடுவதாம், ரீவொர்க் என்றால் பிரித்துத் திரும்பத் தைப்பதாம். தோசையை யார் பிரித்துத் தைப்பது. பக்கத்து வீட்டு ஹலீமா பீ கல்யாணப் பிரியாணி கொடுத்தனுப்பிய டப்பா மூடியிலும் ஒன்று ஒட்டியிருந்தது, கேட்டால் உப்பு கம்மி என்றார். கழுவிக் கொடுக்கும்போது என் கண்ணில் பட்டதோ பிழைத்தோம், இல்லாவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு நமக்கு டப்பா வந்திருக்காது.

இப்படிச் சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயம்தான் சோபனா. இந்த வயதில் உட்கார்ந்துவிட்டால் மனுஷன் எழுந்திருக்கவே மாட்டாரோ என்று பயம். சத்துவாச்சாரி அத்தை போன் செய்து, அண்ணனுக்கு இன்னும் வேலை ஒண்ணும் ஆவலையா என்று கேட்டால் போதும், அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது அவருக்கு. ஹலீமா பீயின் வீட்டுக்காரர் ரஃபி அகமது பாய் வாணியம்பாடி ரோட்டில் இருக்கிற கம்பெனியில் வேலை செய்கிறாரே, அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் வந்து சொன்னார். ஆனால் சூப்பர்வைசர் வேலை இல்லை, மிஷினில் உட்கார்ந்து தைக்கிற வேலை. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே சூப்பர்வைசர் யார் தெரியுமா, நம் தேவிகா. உங்கப்பாதான் அந்தப் பெண்ணுக்கு ஊசியில் நூல் கோர்ப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். நான் கத்துக்குடுத்த பொண்ணு எனக்கு டார்கெட் சொல்றதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன வாரம் திங்கட்கிழமை ரஃபி பாய் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். என் நச்சரிப்பு தாங்காமல் உங்கப்பா குளித்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டு, திருநீறு வைத்துக்கொண்டு, திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போவலை என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். வாயைத் திறந்தால் ஜாஸ்தியாகிவிடும் என்று, அவருக்குப் பின்னால் போய் அந்தக் கட்டிலிருந்து ஒரு ஆரோவைக் கிழித்து அவர் முதுகில் ஒட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்குள் ரஃபி பாய் வந்து, பேன்ட் சட்டையெல்லாம் போட்டு ரெடியாத்தான இருக்கீங்க, ஏறுங்க என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்பும்போதுதான் எனக்கு ஆரோ ஞாபகம் வந்தது. ஈரக்கையோடு வாசலில் நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரமா அது.

மீதியை ரஃபி பாய்தான் சொன்னார். தைத்துக் காட்டச் சொல்லி ஒரு தோலைக் கொடுத்திருக்கிறார்கள். பல வருஷம் கழித்துப் பெடலை மிதித்த கால், நடுவில் தையல் விழாமல் குதித்துவிட்டது. பின் வரிசைப் பெண்கள் வேறு குசுகுசு என்று சிரிக்க, தேவிகா கிட்டே போய், சார், முதுகுல ஆரோ ஒட்டிக்கினு இருக்குது, இன்னா டிஃபெக்ட் சார் என்று கேட்டிருக்கிறாள். சொல்லிக்கொடுத்தவர் என்று அவள் குரலில் மரியாதை இருந்ததாம், சிரிப்பை அடக்கத்தான் அவளால் முடியவில்லையாம். உங்கப்பா எடுத்துப் பார்த்தாராம். மனுஷன் எழுந்து போயிடுவாருன்னு நான் வண்டிச் சாவியைக் கையில எடுத்துட்டேம்மா என்றார் ரஃபி பாய். ஆனால் உங்கப்பா அந்த ஆரோவைத் தான் தைத்த தோலிலேயே தையல் குதித்த இடத்தில் ஒட்டி, தேவிகா கையில் கொடுத்து, இது வூட்டு க்யூசி ஒட்டுனது, ரிஜெக்‌ஷன் இல்லம்மா, ரீவொர்க்தான் என்றாராம். அந்த ஹாலே சிரித்ததாம். அப்புறம் அவரே பிரித்து, திரும்பத் தைத்து நீட்ட, நாளைக்கு வந்துடுங்க சார் என்றிருக்கிறாள் தேவிகா. வீட்டுக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை, காபி கேட்டார். எனக்குத்தான் டம்ளரை நீட்டும்போது அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை லீவு. குழாய்க்கு வாஷர் போட்டார், தாழ்ப்பாளை முடுக்கினார், ஒவ்வொன்றும் சரியானதும் அதன் ஆரோவை உரித்துக்கொண்டே வந்தார். நீ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், நைட் ட்யூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். அம்மன் புண்ணியத்தில் நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வீட்டில் இப்போது ஒரே ஒரு ஆரோதான் பாக்கி, கூடத்தில் உன் போட்டோ மேல். நீ மஸ்கட் கிளம்பிய அன்றைக்கு எடுத்தது. இதை மட்டும் ஏன் எடுக்கலை, என் பொண்ணுகிட்ட இன்னா டிஃபெக்ட் என்று கேட்டேன். தூரம் என்றார். பொங்கலுக்கு வந்து நீயே உரித்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா பூங்காவனம்,
வீட்டு க்யூசி.